மார்கழியில் வேர்க்கிறதா?

ராயபுரத்தில் ஆட்டோ ஏறி "ஆர்.எஸ்.ஆர்.எம்." என்று சொன்னால் போதும், வேறு அடையாளம் கேட்கமாட்டார்கள். முழுப்பெயர் ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் கட்டிய அதே சவளை ராமசாமி முதலியாரின் கொடையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது; இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலோரமாக வடக்கே நீளும் இந்தப் பட்டையில் பாட்டி, அம்மா, பேத்தி மூவரும் அங்கேயே பிள்ளை பெற்ற வீடுகள் உண்டு. பிரசவ வலியோடு நள்ளிரவில் வரும் பெண்ணை எப்படிக் கவனிப்பது என்று ஊருக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும். அதே பெண் 46 வயதில், இன்ன இடத்தில் வலி என்று தொட்டுக் காட்ட முடியாமல், தூக்கம் கெட்டு, குப்பென்று வேர்த்து, காரணமில்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்தால் எந்த வரிசையில் நிற்பது என்பது யாருக்கும் சட்டென்று சொல்லத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்றதும் அவள் உடம்புக்கு ஒரு பதிவேடு திறக்கப்படுகிறது. கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண், எடை, ரத்த அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி என்று வரிசையாக எல்லாம் நடக்கும். பிரசவத்துக்குப் பின் செவிலியர் வீடு தேடி வருவார். இரண்டாவது பிள்ளையோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 58 பேர் அதைச் செய்துகொண்டவர்கள். பெரும்பாலோர் 30 வயதைத் தொடும் முன்பே. அத்தோடு பதிவேடு மூடிக்கொள்கிறது. மறுபடி அது திறப்பது 45க்கு மேல், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் பிரஷர் கருவியும் சர்க்கரைக் கருவியுமாகப் படியேறி வரும்போது.

நடுவில் பதினைந்து, இருபது ஆண்டுகள். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46 சொச்சம் என்கிறது இந்திய மெனோபாஸ் சங்கத்தின் ஆய்வு. மேலை நாடுகளில் 51. நிற்பதற்கு நாலைந்து வருடம் முன்பே ஹார்மோன்களின் ஆட்டம் தொடங்கிவிடுவதால், அரசின் கண் இந்தப் பெண்ணின் மேல் இல்லாத காலத்தில்தான் எல்லாமே ஆரம்பிக்கிறது. பாட்டியல் நூல்கள் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் எண்ணி, 40 வயதோடு பெண்ணின் கணக்கை முடித்துக்கொண்டன. தேசியக் குடும்பநல ஆய்வு கொஞ்சம் தாராளம், 49 வரை கேட்கிறது. அந்த ஆய்வின் இரண்டாம் சுற்றுத் தரவை வைத்து 2005இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் டி.எஸ். சியாமளாவும் எம். சிவகாமியும் எழுதிய கட்டுரை, 30 முதல் 49 வயதுக்குள் இருந்த பெண்களில் 100க்கு 11 பேருக்கு ஏற்கெனவே மாதவிடாய் நின்றுவிட்டதைக் காட்டியது. ஏழைப் பெண்கள், பள்ளிக்கூடம் போகாதவர்கள், வெயிலில் உழைக்கிறவர்கள் இதில் முன்வரிசையில் இருந்தார்கள்.

உடம்புக்குள் நடப்பது இது. சினைப்பையில் முட்டைகளின் கையிருப்பு தீரத் தீர ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை. சில மாதம் எகிறும், சில மாதம் விழும். முட்டை வெளியேறாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சரியாகச் சுரப்பதே இல்லை. அதனால் பலருக்கு முதல் அறிகுறி ரத்தப்போக்கு குறைவதாக இருக்காது, கூடுவதாகத்தான் இருக்கும். இருபத்து நாலாம் நாளே வரும், அடுத்தது ஐம்பது நாள் தள்ளிப் போகும், வந்தால் பத்து நாள் விடாது. இன்னொரு பக்கம் மூளையில் ஒரு குழப்பம். ஹைபோதலாமஸில் சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அது குறைந்ததும் அவை பெருத்து, மிகையாகத் துடிக்கத் தொடங்குகின்றன என்பதை அரிசோனாவில் நவோமி ரான்ஸ் கண்டு சொன்னார். டெட்ராய்ட்டில் ராபர்ட் ஃப்ரீட்மன் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்றைக் காட்டினார்: வேர்க்காமலும் நடுங்காமலும் உடம்பு தாங்கிக்கொள்ளும் வெப்ப வரம்பு, இந்தப் பெண்களுக்கு மிகவும் குறுகிவிடுகிறது. ஒரு வாய் சூடான டீ, ஒரு மாடிப்படி, ஒரு சின்னக் கோபம் போதும். ரத்தக் குழாய்கள் விரியும், முகமும் மார்பும் காந்தும், நெஞ்சு படபடக்கும், வேர்வை கொட்டும். சில நிமிடத்தில் அடங்கி, பிறகு குளிரெடுக்கும்.

சென்னையின் கடலோர ஈரக்காற்றில் அந்த வேர்வை சீக்கிரத்தில் உலர்வதும் இல்லை.

அமெரிக்காவில் 1990களில் தொடங்கிய 'ஸ்வான்' ஆய்வு இந்தத் தொல்லையின் ஆயுளைக் கணக்கிட்டது. அடிக்கடி வேர்வை கண்ட பெண்களில் பாதிப்பேருக்கு அது ஏழு வருடத்துக்கு மேல் நீடித்திருந்தது. "ஆறு மாசம் பொறுத்துக்கோ, தானா சரியாப் பூடும்" என்று தைரியம் சொல்லும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அதையே கொஞ்சம் ஆங்கிலம் கலந்து சொல்லும் சில மருத்துவர்களுக்கும் இந்த எண் தெரிந்திருப்பது நல்லது.

வட சென்னையில் சிக்கல் என்னவென்றால், இந்த அறிகுறிகளுக்கு ஏற்கெனவே வேறு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

மூச்சு அடைக்கிறதா? எண்ணூரில் காற்றைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறத் திணற ஓடினார்கள். ஐம்பது பேர் அளவுக்கு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்து, மீனவர்கள் அதைக் குவளையால் மொண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் 47 வயதுப் பெண் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்தால், "கேஸ் வுட்டானுங்க போல" என்று நினைப்பதைப் பிசகு என்று சொல்ல முடியாது. அனுபவம் அப்படித்தான் நினைக்கச் சொல்லும்.

வேர்க்கிறதா? அனல்மின் நிலையமும் துறைமுகமும் கன்டெய்னர் லாரி வரிசையும் சூழ்ந்த இடத்தில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை. அசதியா? விடியாத இருட்டில் காசிமேட்டு மீன் ஏலத்தில் நின்று, கூடையைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றி, தெருத்தெருவாக விற்று மதியம் வீடு திரும்புகிறவருக்கு அசதி வராமல் வேறென்ன வரும். தூக்கமில்லையா? வீட்டுக்காரர் குடிக்கிறார், மகனுக்கு கான்ட்ராக்ட் வேலை, மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது. 'டென்ஷன்' என்று ஒரே சொல்லில் மொத்தமும் அடங்கிவிடும். ஒரு தூக்க மாத்திரையோ விட்டமின் ஊசியோ அதற்கு மருந்தாகிவிடும். ஒவ்வொரு விளக்கத்திலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி போதுமானதாகத் தோன்றிவிடுவதால் மீதியை யாரும் தேடிப்போவதில்லை.

ஆலைப் புகைதான் இந்தப் பகுதிப் பெண்களுக்கு மாதவிடாயைச் சீக்கிரம் நிறுத்திவிடுகிறது என்று மேடையில் முழங்குவது எளிது. ஆய்வுகளில் தொடர்ந்து உறுதிப்பட்டிருப்பது புகைபிடித்தலின் கணக்குதான்: புகைபிடிக்கும் பெண்களுக்கு ஓரிரு வருடம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. எண்ணூரின் காற்று செய்யும் தெளிவான தீங்கு வேறு. அது இந்தப் பெண்களின் உடம்பு சொல்வதை வேறு காரணத்தின் பெயரில் எழுதி வைத்துவிடுகிறது.

மருத்துவரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் வேலை இன்னும் கடினம். இரவு வேர்வை என்றதும் வட சென்னை மருத்துவருக்குக் காசநோய் நினைவுக்கு வரவேண்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் வேர்க்கும், படபடக்கும், தூக்கம் போகும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு ஏலத்துக்குப் போனவருக்கும் கை நடுங்கி வேர்த்துக் கொட்டும். ரத்தசோகை இருந்தால் நாலு படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆக, எல்லாவற்றையும் மெனோபாஸ் கணக்கில் எழுதுவதும் அதே அளவு ஆபத்து. பிரித்துப் பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சலும் இரண்டு வாரம் தாண்டிய இருமலும் எடைக் குறைவும் சேர்ந்தால் சளிப் பரிசோதனை. சாப்பிட்டதும் அடங்குகிற நடுக்கம் என்றால் சர்க்கரை. நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால் தைராய்டுக்கான டி.எஸ்.எச். சோதனை. காய்ச்சல் இல்லாமல், ஒரு நாளைக்குப் பலமுறை, மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அலையாக ஏறிச் சில நிமிடத்தில் இறங்குகிற சூடு என்றால் ஹார்மோன்.

இதற்குச் சென்னையில் ஒரு கூடுதல் வசதி உண்டு. சித்திரை, வைகாசியில் வேர்க்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. வாடைக்காற்று வீசும் மார்கழி விடியலில், பக்கத்தில் படுத்திருப்பவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் நேரத்தில், ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வேர்க்கிறதா என்று கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கும் ஆய்வகம் தேவையில்லை. 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு இந்த அறிகுறிகளும் மாதவிடாய் மாற்றமும் இருந்தால் எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2015 வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. அந்த ஹார்மோன் இன்று ஓர் அளவு, அடுத்த வாரம் வேறோர் அளவு என்று ஆடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தனியார் ஆய்வகங்கள் விளம்பரப்படுத்தும் 'ஹார்மோன் பேக்கேஜ்' பெரும்பாலும் தண்டச் செலவு. 40க்குக் கீழே நின்றுபோனால் மட்டும் கட்டாயம் சோதித்துப் பார்க்கவேண்டும். மற்றபடி நோயறிய வேண்டியது கேள்விகள், பத்து நிமிடம், திரைச்சீலைக்குப் பதில் சாத்தக்கூடிய ஒரு கதவு. அரசுப் புறநோயாளிப் பிரிவில் ஸ்கேன் கூடக் கிடைத்துவிடும். அரிதாகக் கிடைப்பவை இந்த மூன்றும்தான்.

வேலைத்தலங்களிலும் இதே கதைதான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டிய பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று சட்டம் சொன்னதே 2021இல்தான். கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் அப்போது செய்த திருத்தம், உட்காரும் உரிமையைத் தந்தது. ரத்தப்போக்கு அதிகமான நாளில் பேட் மாற்ற எத்தனை முறை எழுந்து போகலாம் என்பதைச் சட்டம் சொல்ல முடியாது; அதை சூப்பர்வைசரின் முகம் சொல்லும். ராயபுரம் மண்டலத்தில் தெரு கூட்டும் பெண்களில் நிறையப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். சேலைக்கு மேல் மினுக்கும் மேல்கோட்டு, தலைத்துணி, கையுறை. சாதாரண உடம்பே கொதிக்கும் உடை அது.

இனி, அதிக ரத்தப்போக்கு. இந்த விஷயத்தின் மிக மோசமான அத்தியாயம் இங்கேதான் எழுதப்படுகிறது.

மாதத்தில் பன்னிரண்டு நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறது, வேலைக்குப் போக முடியவில்லை. "புள்ள பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு, எடுத்துப் போட்டுரலாம்" என்று சொல்வது மருத்துவராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், சலித்துப்போய் அந்தப் பெண்ணே சொல்வதாகவும் இருக்கலாம். காப்பீட்டு அட்டை இருந்தால் முடிவு இன்னும் எளிது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 3 பேருக்கு மேல் கருப்பையை எடுத்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கு அறுவை தனியார் மருத்துவமனைகளில் நடந்தது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இந்த விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், மாதவிடாயால் கூலி போகக்கூடாதென்று கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

கருப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், பத்து வருடத்தில் படிப்படியாக நடக்க வேண்டியது ஒரே இரவில் நடந்துவிடும். கடுமையான வேர்வை, தூக்கமின்மை, பிறகு எலும்புத் தேய்வும் இதய நோயும். இயல்பாக நிற்கும் வயது வரும்வரையாவது அவருக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கவேண்டும் என்பது உலகமெங்கும் ஒப்புக்கொண்ட மருத்துவம். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தாலே அந்த மருத்துவமனையின் தரம் தெரிந்துவிடும். சினைப்பையை விட்டுவைத்தாலும் ஒரு வில்லங்கம் உண்டு. கருப்பை இல்லாததால் மாதவிடாய் இல்லை. எனவே எப்போது நின்றது என்பது அவருக்கே தெரியாது. 44 வயதில் படபடப்பு வந்தால் "ஆபரேஷன் பண்ணப்பவே எல்லாம் முடிஞ்சிடுச்சே" என்று ஹார்மோனை அவரே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. ரத்தப்போக்கு நாட்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் பல ஆண்டுகள் வேலை செய்யும். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1991இல் 'சஹேலி' என்ற பெயரில் வந்த ஆர்மிலோக்சிஃபீன், நம் நாட்டிலேயே பிறந்த மருந்து. ஈஸ்ட்ரோஜனின் செயலைக் கருப்பையில் தடுப்பதால் இந்த வயதின் மிகைப்போக்குக்கு மகப்பேறு மருத்துவர்கள் அதைக் கொடுக்கிறார்கள். அதே மாத்திரைதான் 'சாயா' என்ற பெயரில் அரசுச் சுகாதார நிலையங்களில் கருத்தடைக்கென்று இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளை வேண்டாம் என்பவருக்குக் கை நீட்டிக் கொடுக்கும் மாத்திரை, ரத்தம் நிற்காதவரின் பேச்சில் வருவதே இல்லை. எந்த மருந்துக்கும் முன்னால் கட்டியா, பாலிப்பா, புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும் என்பது வேறு விஷயம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்துத் திரும்ப ரத்தம் பட்டால் அது ஒரு நாளும் 'திரும்பி வந்த மாதவிடாய்' ஆகாது. பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோயாக இருக்கக்கூடிய அறிகுறி அது. ஒரு துளி என்றாலும் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

ஹார்மோன் சிகிச்சை என்றதும் படித்த வீடுகளில்கூட எழும் முதல் சொல் கேன்சர். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1966இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன் 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்ற புத்தகத்தில் மெனோபாஸை ஒரு குறைபாட்டு நோயாக்கி, ஈஸ்ட்ரோஜனை என்றும் இளமைக்கான மருந்தாக முன்வைத்தார். சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரிமரின் மாத்திரை அமெரிக்காவில் அமோகமாக விற்றது. 1975இல், தனியாக ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு கூடுவது தெரியவந்தது. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்த்ததும் அந்த ஆபத்து அடங்க, விற்பனை மறுபடி ஏறியது. பிறகு 2002 ஜூலை. 16,608 பெண்களை வைத்து நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்று உலகப் பத்திரிகைகள் தலைப்பிட்டன. அந்த 26 சதவீதத்தை ஆட்களாக மாற்றினால், ஆண்டுக்கு 10,000 பெண்களில் கூடுதலாக 8 பேர். ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. பெரும்பாலோர் மருந்தைத் தொடங்கும் வயதை எப்போதோ தாண்டியவர்கள். இந்த விவரம் தலைப்புக்குள் அடங்கவில்லை. காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் அந்த மருந்து ஒருபோதும் பெரிதாக வந்து சேரவில்லை. பயம் மட்டும் வந்து சேர்ந்தது.

இன்றைய நிலை ஓரளவு தெளிவு. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருப்பவருக்கு, வேறு தடை இல்லையென்றால் நன்மை பெரும்பாலும் தீமையை மிஞ்சுகிறது. கருப்பை இருந்தால் இரண்டு மருந்தும், இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜன் மட்டும். தோலில் தடவும் ஜெல்லில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கும், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவருக்கும், பக்கவாதம், கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவருக்கும் கூடாது. அவர்களுக்கு மனச்சோர்வு மருந்துகளில் சில, கபாபென்டின் போன்றவை வேர்வையைக் குறைக்கின்றன. 2025 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இந்த மருந்துகளின் அட்டையில் இரண்டு பத்தாண்டுக்கு மேல் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. அங்கே அதையும் சிலர் அவசரம் என்கிறார்கள். சோயா, தண்ணீர்விட்டான் கிழங்கு பற்றிக் கேட்பவர்களுக்கு: சான்றுகள் கலவையானவை, பெயர் போடாத சூரணப் பொட்டலங்கள் வேண்டவே வேண்டாம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பெண்கள் மார்பளவு நீரில் இறங்கி, கூடையை வாயில் கவ்வியபடி கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் சூடான கழிவுநீரும் கலந்த ஆறு அது. அரிப்பு, எரிச்சல், நீர்க்கடுப்பு என்றால் பழி தண்ணீர்மேல்தான் விழும், பழிக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோலும் சிறுநீர்ப் பாதையும் மெலிந்து வறண்டுபோவதால் ஏறக்குறைய இதே தொல்லைகள் வரும். இருமினால் இரண்டு சொட்டு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, தாம்பத்தியத்தில் எரிச்சல். சொல்லக் கூசி விலகிப் படுக்கிற மனைவியைச் சந்தேகப்படும் கணவர்களின் கதை எந்த மகளிர் காவல் நிலையத்துக்கும் புதிதல்ல. வேர்வை ஒருநாள் தானாக அடங்கும். இந்த வறட்சி அடங்காது, கூடிக்கொண்டே போகும். உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரியால் க்ரீம் ரத்தத்தில் மிகச் சிறிதே கலக்கிறது, பலன் நிச்சயம். அதற்குப் பதிலாக மாதந்தோறும் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாக. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடத்தில் எலும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை கரையலாம். கடலோரத்தில் இதற்கு மலிவான உணவு கையருகே இருக்கிறது, முள்ளோடு தின்னும் நெத்திலி. கருவாடாக்கினால் உப்பு கூடி பிரஷருக்கு ஆகாது என்பதால் பச்சையாக வாங்கிக் குழம்பு வைப்பது மேல். கேழ்வரகும் சேரட்டும்.

அரசின் கையில் இதற்கு வேண்டிய ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்பதுதான் ஆதங்கம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய் சோதனை செய்யும் தொற்றாநோய்ச் செவிலியர் இருக்கிறார். அவர் அறையில் கதவும் உண்டு. வீடு தேடி வரும் தன்னார்வலர் பெரும்பாலும் அதே தெருப் பெண். "அக்கா" என்று கூப்பிட்டே பேச்சைத் தொடங்குவார். 2024இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்து, ஆலை வாசலுக்குள்ளும் பிரஷர் கருவி போய்விட்டது. அவர்கள் கையிலுள்ள படிவத்தில் கடைசியாகத் தூரமானது எப்போது, எத்தனை நாள் போகிறது, ராத்திரி வேர்த்து எழுந்திருக்கிறீர்களா, சிறுநீர் எரிகிறதா என்று நாலு வரி சேர்த்தால் போதும். பிரஷர் ஏறியிருப்பதாக எழுதப்படும் பெண்களில் எத்தனை பேர் நாலு மணி நேரம்கூடத் தூங்காதவர்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கேட்டுவிட்டு எங்கே அனுப்புவது என்பது அடுத்த கேள்வி. காலை எட்டு மணி புறநோயாளிச் சீட்டு, மீன் விற்கும் பெண்ணுக்கு ஆகாது. அவர் வியாபாரமே அந்த நேரத்தில்தான். சென்னையின் நகர்ப்புறச் சுகாதார நிலையங்களில் மாலை நேரத்தில் பாலிகிளினிக் நடக்கிறது. சிறப்பு மருத்துவர்கள் முறை வைத்து வருகிறார்கள், மகப்பேறு மருத்துவரும் வருகிறார். கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் குளித்து வர அந்த நேரம் தோதானது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் காசிமேட்டில் வேலை பாதியாகக் குறைந்துவிடும். வலை பழுது பார்ப்பதும் படகுக்குச் சாயம் அடிப்பதும் நடக்கிற அந்த 61 நாட்களில் துறைமுகத்துக்குள்ளேயே பெண்களுக்கு ஒரு முகாம் வைக்கலாம். வரவு செலவு ஒரு பொருட்டே இல்லை. பெண் மருத்துவர் ஒருவர், மறைவான ஓர் அறை, ஹீமோகுளோபின் கருவி, டி.எஸ்.எச்.சுக்கு ரத்தம் எடுக்க ஒருவர், ஈஸ்ட்ரியால் க்ரீமும் டிரானெக்ஸாமிக் மாத்திரையும் ஒரு பெட்டியில். ஸ்கேன் தேவைப்படுகிறவர்களை ஆர்.எஸ்.ஆர்.எம்.முக்குச் சீட்டு எழுதி அனுப்பினால், வழி யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது.